உத்தரவு வராத கால்கள்

நடக்கத் தெரிந்தவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

தஞ்சாவூரில் நான் பிசியோதெரபிஸ்ட். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய், பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறேன். என்னை அனுப்புகிறவர் நரம்பியல் டாக்டர் ஷாஜகான். அவர் மாத்திரை எழுதுவார். அந்த மாத்திரை வீட்டில் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று பார்த்துவிட்டு வந்து நான் சொல்வேன். நோயாளிகள் என்னை மேடம் என்பார்கள், சிஸ்டர் என்பார்கள், மனசு சரியில்லாத நாளில் "அந்த எக்சர்சைஸ் பொம்பள" என்பார்கள்.

முதல் நாள் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. "காலு நல்லாத்தானே இருக்கு மேடம், ஏன் நடக்க மாட்டேங்குறாரு?" கால் நன்றாகத்தான் இருக்கிறது. உத்தரவுதான் வருவதில்லை. மூளைக்கு நடுவே டோபமின் என்று ஒரு ரசாயனம் ஊறுகிறது. அதைக் கேட்டு வேலை செய்யும் செல்கள் உள்ளே இரண்டு கட்சியாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கட்சி "போ" என்னும், இன்னொன்று "நில்" என்னும். டோபமின் முதல் கட்சியைத் தட்டிக்கொடுத்து, இரண்டாவது கட்சியை அடக்கி வைக்கும். அது வற்றினால் "நில்" கட்சியின் ஆட்சிதான். காலோடு விட்டாலும் பரவாயில்லை. இந்த செல்களுக்கு முகம், ஆசை, பயம், உற்சாகம் என்று மூளையின் எல்லாத் தெருவிலும் சொந்தக்காரர்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நீங்களும் என் மாதிரி எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு திரிகிறவர்தான். வாங்க, உட்காருங்க.

கேட்டுக்கு நடுவில்

கோவிந்தராஜ் சார் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் பக்கம் வீடு. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் டீக்கடை. "இன்னிக்கு டீக்கடை வரைக்கும் நடந்து காட்டுறேன் மேடம்" என்று ஒரு காலையில் அவராகவே சொன்னார். கேட் திறந்திருந்தது. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம். கையை வீசி, குதிகாலை ஊன்றி, நான் சொல்லிக்கொடுத்தபடியே நடந்து வந்தார். தண்டவாளத்துக்கு நடுவே வந்தபோது மணி அடித்தது.

மணி கேட்டதும் அவசரமாக எட்டு வைக்கப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. வாசற்படி, குறுகலான இடம், அவசரம், இதில் ஏதாவது ஒன்று போதும், இந்த நோயில் கால் உறைந்துபோகும். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பைக்குகள் எங்களை உரசிக்கொண்டு போயின. கேட்கீப்பர் ஜன்னலில் இருந்து கத்தினார். இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தால் மரம் மாதிரி விழுவார். "விடுங்க! இழுக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். தூரத்தில் ரயில் கூவியது. கேட்டை மூடாமல் ரயிலுக்கு சிக்னல் விழாது என்று கேட்கீப்பர் பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது.

என் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். "சார், ரயிலப் பாக்காதீங்க. என் காலப் பாருங்க. அதத் தாண்டுங்க." தானாக நடக்கும் வழி அடைத்துக்கொண்டாலும், கண்ணால் ஒன்றைப் பார்த்து அதைத் தாண்டுவதற்கு மூளையில் வேறு ஒரு வழி உண்டு. பாதி உயிரோடு காத்திருந்தேன். வலது கால் எழும்பியது. தாண்டினார். மறுபடி காலை வைத்தேன், மறுபடி தாண்டினார். அப்படியே ஒவ்வொரு எட்டாக அந்தப் பக்கம் சேர்ந்தோம். பின்னாலேயே கேட் இறங்கியது. டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து, இரண்டு டீ சொன்னேன். மூடிய கேட்டைப் பார்த்தபடியே கோவிந்தராஜ் சார் சொன்னார்: "சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட கேட்ல வண்டி ஆஃப் ஆனதில்ல மேடம். இன்னிக்கு நானே ஆஃப் ஆயிட்டேன்."

பச்சை அட்டை

அஞ்சலைக்குத் திருவையாறு பக்கத்தில் ஊர். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர், வாய் ஓயாதவர் என்று ஊரே சொன்னது. அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு நான் போனபோது பார்த்தது அந்த அஞ்சலையை அல்ல. கட்டிலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அசைவே இல்லை. வாயோரம் எச்சில். சோற்றை விழுங்கவே கஷ்டப்பட்டார். சில மாதங்களுக்குள் இப்படி ஆகிவிட்டதாம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம், வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போகலாம் என்று ஒரு கூட்டம். கணவர் முருகையன் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டு, ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம். நடுக்குவாதம் இவ்வளவு வேகமாக ஓடாது. வேறு ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நினைத்து, அன்றைக்கே காரில் ஏற்றி டாக்டர் ஷாஜகானிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் பரிசோதித்து முடித்துவிட்டு, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றார் முருகையன். டாக்டர் விடவில்லை. "தலைவலிக்கு? வயித்துக்கு? தூக்கத்துக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டதும், "கேஸுக்கு ஒண்ணு போடுவா சார், அது மாத்திரையில சேத்தியா?" என்று மடியில் இருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தார். எப்போதோ வயிற்றுப் பொருமலுக்கு எழுதிக்கொடுத்தது. கேட்டதும் மெடிக்கலில் தந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "இவங்க மூளையில டோபமின் ஊறிக்கிட்டுதான் இருக்கலாம். அதக் கேக்குற செல்லோட காதத்தான் இந்த மாத்திரை அடைச்சிருக்கு. நிறுத்திப் பாப்போம். நிறுத்தியும் சரியாகலைன்னா வேற வியாதி."

அந்த "சரியாகலைன்னா" என்ற வார்த்தையோடு நான் வாரக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். ஒன்றும் மாறவில்லை. கையை நீட்டினால் பல்சக்கரம் மாதிரி கடக் கடக் என்றுதான் நீண்டது. முருகையன் கேட்பதையே விட்டுவிட்டார், என் முகத்தை மட்டும் பார்ப்பார். அப்புறம் ஒரு நாள் விழுங்குவது கொஞ்சம் சுலபமானது. இன்னொரு நாள் தானாகத் திரும்பிப் படுத்தார். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து நான் தெருமுனை திரும்பும்போதே முருகையன் சைக்கிளை நிறுத்திவிட்டு வழிமறித்தார். கண் கலங்கியிருந்தது. நான் பயந்துபோய் என்ன ஆச்சு என்றேன். "காலையில என்னயத் திட்டினா மேடம். மூணு தெருவுக்குக் கேட்டுச்சு. இனிமே பொழச்சுக்குவா."

சிரிக்காத மனுஷன்

அய்யம்பேட்டையில் காதர் பாய் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். மாத்திரையில் நடை சரியாகிவிட்டது, கை நடுக்கம் குறைந்துவிட்டது, நானே திருப்தியாக இருந்தேன். ஒரு நாள் நான் போனபோது அவர் மனைவி ஜமீலா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. "நான் உம்மா வீட்டுக்குப் போறேன் மேடம். இவரு வந்ததுலேருந்து என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவை சிரிக்கல. பேரப்புள்ளையக் கையில குடுத்தாலும் கல்லு மாதிரி பாக்குறாரு. அங்க வேற ஒரு குடும்பம் இருக்கா, இல்ல நான் புடிக்காமப் போயிட்டேனா, கேட்டாலும் சுரத்தே இல்லாம 'அதெல்லாம் ஒண்ணுமில்ல'ங்குறாரு." வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம்.

ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு, ஜமீலாவைக் காதர் பாய் இருந்த கூடத்துக்குக் கூட்டி வந்தேன். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். காலுக்கு உத்தரவு போகாத மாதிரியே முகத்துக்கும் போகவில்லை, குரலும் அதனால்தான் தட்டையாகிவிட்டது, வேண்டுமென்றால் ஒரு முகமூடி மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜமீலா நம்பின மாதிரி இல்லை. தலையைத் துணியால் மூடிக்கொண்டு எழுந்தார். அதுவரை அசையாமல் இருந்த காதர் பாயின் கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்கியது. முகம் அப்போதும் கல்தான். அந்தக் கல்லுக்குள் இருந்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது: "உள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன் ஜமீலா. வெளியில வர மாட்டேங்குது."

அடுப்பைப் பிரித்தவர்

டோபமின் வற்றிப்போனால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிரம்பினாலும் ஆபத்து என்று எனக்குக் காட்டியவர் கும்பகோணத்து பிச்சைமுத்து. மோட்டார் மெக்கானிக். நோய் வந்த பிறகு பட்டறைப் பக்கமே போகாமல் சுருண்டு கிடந்தார். டோபமினைப் போலவே நடித்து அந்த செல்களைத் தூண்டுகிற ஒரு மாத்திரையை டாக்டர் சேர்த்தார். ஆள் எழுந்துவிட்டார். வீட்டில் கெட்டுப்போன மிக்சியைப் பிரித்தார், ஃபேனைப் பிரித்தார். மனைவி தனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் போகும்போதெல்லாம் அவரைச் சுற்றி ஸ்குரூவும் வயரும் கிடக்கும். வேலையில் மும்முரமாக இருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். நல்ல மிக்சியையும் பிரிக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுவதில்லை, பிரித்ததை மாட்டுவதே இல்லை என்பதைத் தனம் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். கேஸ் நாற்றம் மூக்கில் அடித்தது. தனம் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அடுப்படியில் பிச்சைமுத்து தரையில் உட்கார்ந்திருந்தார். கேஸ் அடுப்பு துண்டு துண்டாகக் கிடந்தது. சிலிண்டர் திறந்தபடி, ரப்பர் டியூப் தரையில் பாம்பு மாதிரி கிடந்து சீறிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஈயம் பற்றவைக்கும் கருவி. அதன் வயரை எடுத்து, தலைக்கு மேலே இருந்த பிளக் பாயின்ட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, வேணாம்!" என்று கத்தினேன். திரும்பவே இல்லை. காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஓடிப்போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் ஆடிய கை, இரும்பு மாதிரி இருந்தது. என்னை உதறிவிட்டு முறைத்தார். நான் வயரைப் பிடுங்கி வாசலுக்கு எறிந்துவிட்டு, சிலிண்டரைத் திருகி மூடினேன். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. அவரைத் தெருவுக்குக் கொண்டு வருவதற்குள் என் பிளவுஸ் நனைந்துவிட்டது.

டாக்டர் போனிலேயே புரிந்துகொண்டார். அந்த மாத்திரை கை காலோடு நிற்காமல், ஆசையும் சந்தோஷமும் பேசிக்கொள்ளும் தெருக்களையும் சேர்த்து முடுக்கிவிட்டிருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் வேறு விதமாகப் படுத்திவிடும் என்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறைக்கக் குறைக்கப் பிச்சைமுத்து அமைதியானார். கூடவே நடையும் கொஞ்சம் மெதுவானது. அதற்கு வேறு வைத்தியம் தேடிக்கொண்டோம். "சுறுசுறுப்பா ஆயிட்டாருன்னு சாமிக்குத் தேங்காயெல்லாம் ஒடச்சேனே" என்று தனம் அழுதார். பிச்சைமுத்து பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஏன் அண்ணே, மாட்டாமலே பிரிச்சுக்கிட்டே இருந்தீங்க என்று கேட்டேன். நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார்: "கழட்டும்போது ஒரு குஷி வரும் பாருங்க, அது மாட்டும்போது வரலையே மேடம்."

வைக்கோல் போர்

சாமிக்கண்ணுவை நாற்காலியில் இருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். திருவிடைமருதூர் பக்கம் விவசாயி. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் சுத்தமாக அசைய முடியாது. அவர் மகன் ரமேஷ் நல்ல பையன்தான். ஆனால் வயலையும் பார்த்து, அப்பாவையும் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு என்று அலுத்துப்போயிருந்தான். அன்று மதியம் சாமிக்கண்ணு வாசலில் நாற்காலியில் இருந்தார். நான் அவர் கைவிரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். காற்று பலமாக இருந்தது. மேலே மின்கம்பிகள் உரசிக்கொண்டன. பொறி ஒன்று வைக்கோல் போர் மேல் விழுந்தது.

காய்ந்த வைக்கோல். நான் எழுந்து நிற்பதற்குள் பாதிப் போர் பற்றிக்கொண்டது. போருக்கு ஓரமாகக் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை இழுத்து அலறியது. என் கைக்குள் இருந்த விரல்கள் காணாமல் போயின. சாமிக்கண்ணு எழுந்துவிட்டார். யாரும் தூக்கவில்லை. எழுந்து ஓடினார், நிஜமான ஓட்டம், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. குனிந்து, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாத விரல்களால் முடிச்சை அவிழ்த்தார். கன்று பாய்ந்து ஓடியது. அவர் ஓடவில்லை. அவிழ்த்த கயிறு கையில் இருக்க, நெருப்புக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கன்று தப்பியதும் அவரை ஓட வைத்தது எதுவோ அதுவும் போய்விட்டது. "வாங்கய்யா, வாங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடி அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். விறைத்துப்போன உடம்பு, நகரவில்லை. எரியும் வைக்கோல் பிரி ஒன்று அவர் தோளில் வந்து விழுந்தது, கையாலேயே தட்டிவிட்டேன். மூச்சு முட்டியது. வயலில் இருந்து பாய்ந்து வந்த ரமேஷ் அவரை மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஊர் திரண்டு மோட்டார் தண்ணீரைப் பாய்ச்சி நெருப்பை அணைத்தது. சாமிக்கண்ணுவுக்குத் தோளில் ஒரு கொப்புளம், எனக்கு உள்ளங்கையில் ஒன்று. ரமேஷ் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றான். நான் பயந்த கேள்வியைக் கேட்டான். "ஓட முடியுது இல்ல? அப்ப இத்தன நாளா நடிச்சீங்களாப்பா?" எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவன் கண்ணால் பார்த்துவிட்டானே. உயிருக்கு ஆபத்து என்றால் மூளை வேறு ஒரு வழியில் உத்தரவை அனுப்பிவிடும், ஆனால் அந்த வழியை நாம் கூப்பிட்டுத் திறக்க முடியாது, நாளைக்கு இதே இடத்தில் நீ கெஞ்சினாலும் அவரால் எழுந்திருக்க முடியாது என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். ரமேஷ் ஈரத்துணி எடுத்து வந்து அப்பாவின் முகத்தில் இருந்த கரியைத் துடைக்க ஆரம்பித்தான். சாமிக்கண்ணு மகன் முகத்தைப் பார்த்து, கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்: "ஓடுனது நான் இல்ல ரமேசு. யாரோ என்னைய இரவல் வாங்கிட்டுப் போயி, அங்கயே போட்டுட்டுப் போயிட்டாங்க."

எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்தது இவ்வளவுதான்: எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால், அவருடைய மூளைக்குள் இரண்டு கட்சியும் இன்றுவரை சண்டை போடாமல் கூட்டணியில் இருக்கின்றன என்று அர்த்தம்.